அப்பாவின் வயலினை அப்பாவே கண்டுபிடித்துத் தரலாம்

கேள்வி: அப்பா நாற்பது வருடம் வாசித்த பழைய வயலினை என்னிடம் கொடுத்திருந்தார். மூன்று வாரத்துக்கு முன்பு கச்சேரி முடிந்து வாடகைக் காரில் திரும்பினேன். டிக்கியில் வைத்த வயலினை மறந்துவிட்டு இறங்கிவிட்டேன். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை. போலீஸில் புகார் கொடுத்தாயிற்று, தகவல் இல்லை. அப்பாவுக்கு 78 வயது, இன்னும் சொல்லவில்லை. 'வேறொன்று வாங்கிக்கொள்' என்கிறார் கணவர். தேடுவதை விட்டுவிடவா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மனப்பாரம் குறையும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவரில்லாமல் உங்கள் தேடல் நகராது.

புகாரில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? 'பழுப்பு நிற வயலின், கறுப்புப் பெட்டி' என்றுதானே? அப்படி ஆயிரம் வயலின் இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டும் போதாது. தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்த வயலின்களுக்குள்ளும் புகழ்பெற்ற பழைய இத்தாலிய வயலின் செய்தவர் 'ஸ்ட்ராடிவேரியஸ்' பெயரை அச்சடித்த சீட்டு ஒட்டியிருப்பார்கள். உங்கள் வயலின் எது என்று சொல்லப்போவது அதன் தழும்புகள். தாடை பட்டு மெருகு போன இடம், சுருள் தலையில் உடைந்த சின்னச் சில்லு, தந்தி முறுக்கும் பிரடையின் ஓட்டை பெரிதாகி மரம் வைத்து அடைத்த இடம், பழுது பார்த்தவர் உள்ளே பென்சிலில் எழுதிய தேதி. இதெல்லாம் யாருக்குத் தெரியும்? நாற்பது வருடம் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தவருக்குத்தான்.

பழைய போட்டோக்கள் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கச்சேரிப் படம், கல்யாண வீட்டுப் படம், எதுவானாலும் சரி. மரத்தின் ரேகை நம் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. கனடா இசைக்கலைஞர் ராண்டி பாக்மனின் 1957ஆம் வருட கிரெட்ச் கம்பெனி கிட்டார் 1976இல் டொராண்டோ ஹோட்டல் ஒன்றில் திருடுபோனது. பல வருடம் கழித்து, முன்பின் தெரியாத ரசிகர் ஒருவர் பழைய படங்களையும் இணையத்தில் கிடைத்த படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மரத்தில் இருந்த சின்னக் கணு ஒன்று காட்டிக்கொடுத்தது. 2022இல் டோக்கியோவில் கிட்டார் பாக்மன் கைக்கு வந்தது. 46 வருடம்! உங்களுக்கு ஆகியிருப்பது மூன்று வாரம்.

வண்டியில் மறந்தது பற்றி நீங்கள் உங்களைத் திட்டி எழுதியிருந்த வரிகளை நான் இங்கே அச்சிடவில்லை. உலகப் புகழ் பெற்ற இசைக்கலைஞர் யோ-யோ மா 1999இல் நியூயார்க்கில், 1733இல் செய்த தன் செல்லோவை (வயலினின் பெரிய அண்ணன்) டாக்ஸி டிக்கியில் விட்டுவிட்டு இறங்கிப் போனவர்தான். ரசீது கையில் இருந்ததால் அன்றைக்கே கிடைத்தது. நீங்களும் பணம் கட்டிய விவரத்தைத் தேடுங்கள். போனில் கட்டியிருந்தால் நேரமும் பெற்றவர் பெயரும் அதில் பதிவாகியிருக்கும். அதைப் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்து, வயலின் பழுது பார்ப்பவர்களைப் போய்ப் பாருங்கள். விற்பவர்களைவிட இவர்கள்தான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். யார் கையில் இருந்தாலும் ஒருநாள் தந்தி அறும், தந்திகளைத் தாங்கும் குதிரை சாயும், இல்லையென்றால் விலை கேட்கத் தோன்றும். வயலின் கலைஞர் ரோமன் டோட்டன்பெர்க்கின் 1734ஆம் வருட ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் 1980இல் களவு போனது. 2015இல் மதிப்புக் கேட்டு ஒருவர் கொண்டுவந்தபோது, பார்த்த நிபுணருக்கு அது எந்த வயலின் என்று தெரிந்துவிட்டது. டோட்டன்பெர்க் 2012இலேயே, 101 வயதில், காலமாகியிருந்தார். அவருடைய மகள்கள்தான் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதை எழுதும்போது எனக்கு உங்கள் அப்பாவின் வயதுதான் நினைவில் நிற்கிறது.

விற்பனை விளம்பரம் எதிலாவது உங்கள் வயலினைப் பார்த்தால் தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். படத்தைச் சேமித்து, புகார் எண்ணோடு போலீஸில் கொடுங்கள். வைத்திருப்பவர் விவரம் தெரியாமல் வாங்கியவராகவும் இருக்கலாம்.

கிடைத்தவுடன் சுருதி சேர்க்கவும் அவசரப்படாதீர்கள். என்னிடம் படித்த பையன் ஒருவனின் வயலின் இப்படித்தான் காணாமல்போய் இரண்டு மாதம் கழித்து வந்தது. தந்தியெல்லாம் தளர்ந்து கிடந்தது. பெட்டியைத் தூக்கியபோதே உள்ளே 'கடகட'வென்று ஏதோ உருண்டது. வயலினுக்குள் நிற்கும் சின்னக் குச்சியான சவுண்ட் போஸ்ட் விழுந்திருந்தது. அந்தக் குச்சியைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, மேல்பலகைக்கும் கீழ்பலகைக்கும் இடையே இறுக்கத்தில்தான் நிற்கிறது. அது விழுந்திருக்கும்போது தந்தியை முறுக்கினால் குதிரை அழுத்தி மேல்பலகை விரிசல் விடும். நேராகப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

வேறு வயலின் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்குங்கள். வாசிப்பு நிற்கக் கூடாது. அது இதற்கு மாற்று என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் உட்பட.

அப்பாவைப் பார்க்கப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். முதலில் கோபப்படுவார். படட்டும். பிறகு, 'தலையில் அந்தச் சில்லு எந்தப் பக்கம் உடைந்திருந்தது அப்பா?' என்று கேளுங்கள்.