குழந்தை டாக்டர் வீட்டுக் கதவை எப்போது தட்டலாம்?

வாசகர் கேள்வி – மருத்துவர் குழு பதில்

கே: எங்கள் தாமானில் நாலு வீடு தள்ளி ஒரு குழந்தை நிபுணர் குடியிருக்கிறார். தங்கமான மனிதர். இரவில் பேரனுக்குக் காய்ச்சல் வந்தால் அவர் கதவைத் தட்டலாமா?
– ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

ப: தட்டினால் திறப்பார் அம்மா. ஆனால் உண்மையிலேயே அவசரம் என்றால் அவர் வீடு சரியான இடம் இல்லை. வீட்டில் ஆக்சிஜன் கிடையாது, டிரிப் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது. அவர் பார்த்துவிட்டு “உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்” என்றுதான் சொல்வார். அதற்குள் அரை மணி நேரம் போயிருக்கும்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலே நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், பால் நன்றாகக் குடித்தாலும் சரி. அந்த வயதில் ரத்தத்தில் கிருமி கலந்திருந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம்.

மற்றக் குழந்தைகளுக்கு மூச்சை எண்ணுங்கள். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டால் அது வேக மூச்சு. கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதீர்கள். கைக்குழந்தைக்கு மூச்சு ஒரே சீராக வராது, கணக்குத் தப்பிவிடும். இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணவே வேண்டாம், கிளம்புங்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழையுங்கள்.

டிங்கியில் பலரும் ஏமாறுவது காய்ச்சல் விட்ட அன்றுதான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சூடு இறங்கும் நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சில்லிட்ட கைகால், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். டிங்கி சந்தேகம் இருக்கும்வரை இபுபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் கூடாது. ரத்தக் கசிவைக் கூட்டும்.

இதெல்லாம் இல்லாமல், பேரன் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான் என்றால் காலையில் கிளினிக் திறக்கும்வரை பொறுக்கலாம். மறுநாள் வார்டில் அரை மில்லிலிட்டர் பிசகாமல் மருந்தளவு போட வேண்டியவர் அந்த டாக்டர். அந்தத் தூக்கம் அவருக்கும் வேண்டும், அவர் பார்க்கப்போகும் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

கே: கிளினிக்கில் டாக்டர் கேட்பதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் செம்பனைத் தோட்டத்துக்கு விடியலில் போய்விடுவேன், பிள்ளையை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார்.

ப: அப்படியென்றால் மாமியாரையே அழைத்துப் போங்கள். பகல் முழுக்கப் பார்த்தவர் சொல்வதுதான் டாக்டருக்கு வேண்டிய தகவல். முடியாவிட்டால் ஒரு பள்ளிக்கூட நோட்டை அலமாரியில் பென்சிலோடு கட்டி வையுங்கள். மணி, காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை முறை சிறுநீர், எத்தனை முறை வாந்தி. இவ்வளவு எழுதினால் போதும். எழுதாத வீட்டில் பாட்டி 2 மணிக்கு ஊற்றிய மருந்தையே அம்மா 4 மணிக்கு மறுபடி ஊற்றுவார்.

மருந்துப் போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள். பாரசிட்டமோல் சிரப் இங்கே இரண்டு வீரியத்தில் விற்கிறது: 5 மில்லியில் 120 மில்லிகிராம், 5 மில்லியில் 250 மில்லிகிராம். ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கு வைத்தால், 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். முதல் போத்தலில் அது ஆறேகால் மில்லி, இரண்டாவதில் வெறும் 3 மில்லி. பழைய போத்தல் தீர்ந்து புதியது மற்ற வகையாக வந்து, பழைய அளவையே ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். தொடர்ந்தால் ஈரல் கெடும். ஒவ்வொரு வேளைக்கும் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். ஆசனவாயில் வைக்கும் காய்ச்சல் மாத்திரையிலும் இதே மருந்து இருக்கலாம், இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். ஃபார்மசியில் ஊசியில்லாத சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள்.

கே: மகள் ஐந்தாம் படிவம். குழந்தை நிபுணராக வேண்டும் என்கிறாள். எத்தனை வருடம் ஆகும்?

ப: எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்து மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு), பிறகு மருத்துவப் படிப்பு 5 ஆண்டு, ஹவுஸ்மென் பயிற்சி (பட்டம் பெற்றதும் ஆஸ்பத்திரியில் செய்வது) 2 ஆண்டு. இந்தப் பயிற்சியில் நாலு நாலு மாதமாக ஆறு பிரிவு, அதில் குழந்தைகள் பிரிவு கட்டாயம் உண்டு. அங்கேதான் தனக்கு இது ஒத்துவருமா என்று அவளுக்கே தெரியும். பிறகு மருத்துவ அதிகாரியாகச் சில ஆண்டு வேலை. அதற்கு மேல் மலாயா, கெபாங்சான், சைன்ஸ் பல்கலைக்கழகங்களில் 4 ஆண்டு முதுகலை, இல்லையென்றால் பிரிட்டனின் எம்.ஆர்.சி.பி.சி.எச். தேர்வு. கூட்டிப் பாருங்கள், வயது முப்பதைத் தாண்டிவிடும். அதற்குள் கல்யாணம், பிள்ளை எல்லாம் வரும். அதைத் தடையாகச் சொல்லி அவளைப் பயமுறுத்தாதீர்கள்.

கே: என் கணவர் ஈப்போவில் குழந்தைகள் வார்டு டாக்டர். ஆன்–கால் (இரவு முறைப் பணி) முடிந்து வந்ததும் கைக்குழந்தையைத் தூக்கத் துடிக்கிறார். வார்டிலிருந்து நோய் ஒட்டாதா?

ப: தூக்கட்டும், குளித்த பிறகு. வேலை உடுப்பைத் தனியாகத் துவைக்கப் போட்டுவிட்டு, கையைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். கைகால் வாய்ப்புண் நோய்க் கிருமிக்கு ஆல்கஹால் ஜெல் அவ்வளவாக வேலை செய்யாது. ஆண்டுதோறும் ஃபுளூ ஊசியும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரவெல்லாம் விழித்தவர் உடனே காரை எடுக்க வேண்டாம். அங்கேயே கொஞ்சம் தூங்கி எழுந்து வரட்டும், இல்லை யாராவது போய் அழைத்து வாருங்கள். ஆன்–கால் அட்டவணை வந்த அன்றே அதைக் குளிர்பெட்டியில் ஒட்டி, அவர் வீட்டில் இருக்கும் நாள்களில் குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைக்கும் வேலையை முழுதாக அவரிடமே விடுங்கள்.

ஒன்று மட்டும் கறாராக இருக்கட்டும்: உங்கள் குழந்தைக்கு நோய் வந்தால் வேறு டாக்டர் பார்க்கட்டும். பாசம் இருக்கும் இடத்தில் ஒன்று பயந்து தேவையில்லாத பரிசோதனை நடக்கும், இல்லை “ஒன்றுமில்லை” என்று தள்ளிப்போகும். அந்த நேரத்தில் அவர் அப்பாவாக நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையைப் பிடித்துக்கொள்ளட்டும்.