கணக்கு கேள்வி-பதில்: 12,34,56,789-ஐ உடைப்போம்

கே: 12,34,56,789 பகா எண்ணா? இலக்கங்களை இடம் மாற்றினால் பகா எண் கிடைக்குமா?

ப: இல்லை, கிடைக்கவும் கிடைக்காது. 1 முதல் 9 வரை கூட்டினால் 45; அது 9-ஆல் வகுபடுவதால் எண்ணும் வகுபடும். எப்படி அடுக்கினாலும் கூட்டுத்தொகை அதேதான். ஆக 3,62,880 வரிசைகளில் ஒன்றுகூடத் தேறாது.

கே: 9-ஆல் வகுத்து வந்த 1,37,17,421-ஐ நூறு வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தேன். மீதி வந்துகொண்டே இருக்கிறது. இதுவாவது பகா எண்தானே?

ப: அதற்குள் முடிவுகட்ட முடியாது. வர்க்கமூலம் சுமார் 3,703.7. அதுவரை பார்த்தால்தான் உறுதி. அப்படிப் போனால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வகுத்தல்கள்! இங்கே 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா காட்டிய வழி கைகொடுக்கும். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணை எடுங்கள். அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழியுங்கள். மிஞ்சுவது முழு வர்க்கமா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முழு எண்ணுக்குப் போங்கள்.

3704² = 1,37,19,616. கழித்தால் 2,195. முழு வர்க்கம் இல்லை (46² = 2,116; 47² = 2,209).
3705² = 1,37,27,025. கழித்தால் 9,604. இது 98².

இரண்டாவது அடியிலேயே விழுந்துவிட்டது. நம் எண் 3705² − 98²; a² − b² = (a − b)(a + b) என்பதால் காரணிகள் கிடைத்துவிடும். 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. இரண்டும் பகா எண்கள். 61 வரையுள்ள பகா எண்களால் வகுத்தே சரிபார்த்துவிடலாம். ஆக, 12,34,56,789 = 3² × 3607 × 3803. வகுத்திகள் 3 × 2 × 2 = 12.

இவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம், காரணிகள் இரண்டும் அருகருகே இருப்பதுதான். தலைகீழ் எண்ணான 98,76,54,321-ஐ 9-ஆல் வகுத்துவிட்டு இதே வழியில் போனால் 1,79,530-ஆவது அடியில்தான் விடை வரும். அங்கே 17-ஆல் இரண்டு முறை வகுபடும் என்பதைக் கவனித்தால் வேலை அப்போதே முடிந்தது. சிறிய பகா எண்களை முதலில் கழித்துக்கட்டுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கே: இந்த இரண்டு எண்களின் மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி) என்ன?

ப: 9. காரணிப்படுத்தவே தேவையில்லை: 98,76,54,321 = 8 × 12,34,56,789 + 9. இரண்டையும் வகுக்கும் எண் எதுவும் மிச்சமான 9-ஐயும் வகுக்க வேண்டும்; 9 இரண்டையும் வகுக்கிறது.

கே: 12,34,56,789-இன் வர்க்கத்தைக் கணினி விரிதாளில் போட்டால் 15241578750190500 என்கிறது. 9-இல் முடியும் எண்ணின் வர்க்கம் பூஜ்யத்தில் முடியுமா?

ப: முடியாது. விரிதாள் 15 இலக்கங்களோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. எண்ணை 12345, 6789 என்று பிரித்துக்கொள்ளுங்கள். 12345² = 152399025; 2 × 12345 × 6789 = 167620410; 6789² = 46090521. முதலாவதற்கு எட்டு பூஜ்யம், இரண்டாவதற்கு நான்கு பூஜ்யம் சேர்த்து, மூன்றையும் தாளில் கூட்டினால் 15241578750190521. இதன் இலக்கக் கூட்டுத்தொகை 63, 9-ஆல் வகுபடுகிறது. விரிதாள் தந்த விடைக்கோ 60.