பஸ்ஸில் திட்டினார்கள், அடிக்கவில்லை. இதற்கெல்லாம் ரகசிய உதவி எண்ணுக்குப் போன் செய்யலாமா?

செய்யலாம். லண்டன் பஸ்ஸில் நிறத்தைச் சொல்லிக் கத்தினார்கள், போலீசுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். நீங்கள் வந்து அதிக நாள் ஆகவில்லை, விசா கவலையும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் கீழ்வீட்டுக்காரர் என்னையும் மகளையும் மாடிப்படியில் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார். "உங்கள் நாட்டுக்கே போங்கள்" என்பார். ஒரு நாள் கதவில் கடிதம் போடும் துளை வழியாகக் குப்பையைத் தள்ளியிருந்தார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை, அதனால் இன்றும் அவர்தான் என்று சொல்ல மாட்டேன். வீட்டு நிர்வாகத்தில் சொன்னேன். அக்கம்பக்கத்துத் தகராறு என்று எழுதிக்கொண்டார்கள். "வந்த இடத்தில் வம்பு எதற்கு" என்றார் என் கணவர். எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஒரு நாள் பார்த்தால், என் மகள் படி இறங்குவதற்கு முன் கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்க்கிறாள். அவளுக்கு ஏழு வயது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று இரவே, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் விக்டிம் சப்போர்ட் என்ற தொண்டு அமைப்பின் இலவச எண்ணுக்கு (0808 168 9111) போன் செய்தேன். 24 மணி நேரமும் எடுப்பார்கள். எனக்குப் பேச வரவில்லை, அழுகைதான் வந்தது. போனை எடுத்த பெண் காத்திருந்தார். போலீசில் புகார் கொடுத்திருக்கவேண்டிய அவசியமில்லை, யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் தவிர என்னைக் கேட்காமல் எங்கும் சொல்ல மாட்டோம் என்றார். அப்புறம் தேதிகளைக் கேட்டார். என்னிடம் ஒன்றுகூட இல்லை. எட்டு மாத அவமானத்துக்கு ஒரு தேதி இல்லை!

மறுநாளிலிருந்து நாள், நேரம், கீழ்வீட்டுக்காரர் சொன்ன அதே வார்த்தை, பக்கத்தில் யார் நின்றார் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். மூன்று வாரம் கழித்து, அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண் 101-க்கு நானே போன் செய்தேன். போலீஸ் வந்து அவரை எச்சரித்தது. அதோடு அவர் தொல்லை நின்றது. எல்லாருக்கும் இப்படியே முடியும் என்று நான் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்களைப் பொதுவாகக் குறை சொல்கிறேன் என்றும் யாரும் வரவேண்டாம். எனக்காகச் சாட்சி சொன்னது மேல்வீட்டு வெள்ளைக்காரப் பாட்டிதான்.

"இது வெறும் என் எண்ணமோ" என்று தயங்காதீர்கள். 1993-ல் லண்டனில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞனைக் குத்திக் கொன்றார்கள். அந்த வழக்கைப் போலீஸ் நடத்திய விதத்தை விசாரித்து 1999-ல் வந்த மக்ஃபெர்சன் அறிக்கை, பாதிக்கப்பட்டவரோ வேறு யாருமோ இனவெறி என்று கருதினாலே அதை இனவெறிச் சம்பவமாகப் பதியவேண்டும் என்றது. தண்டனைக்குத்தான் ஆதாரம் வேண்டும், பதிவதற்கு இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே வெறுப்புக் குற்றம் என்று போலீஸ் கணக்கெடுப்பது இனம், மதம், உடல் குறைபாடு, பாலியல் ஈர்ப்பு, திருநர் அடையாளம் என்ற ஐந்தை. சாதி தனியாக இல்லை. பாகுபாட்டைத் தடுக்கும் 2010 சமத்துவச் சட்டத்தில் அதைச் சேர்க்க வழி இருந்தும், சேர்ப்பதில்லை என்று 2018-ல் அரசு சொல்லிவிட்டது. "எந்த ஊர், எந்தத் தெரு" என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு அடுத்த விருந்துக்கு எங்களைக் கூப்பிடாமல் விட்ட நம் ஆட்களை நான் எங்கே போய்ச் சொல்வது? கீழ்வீட்டுக்காரரைவிட அதுதான் எனக்கு வலித்தது.

சரி, உங்கள் விஷயம். பஸ் கேமராப் பதிவை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள். வழித்தட எண், ஏறிய நிறுத்தம், நேரம் மூன்றையும் இப்போதே எழுதிவிட்டு, அப்புறம் போனை எடுங்கள்.