வாசகர் கேள்வி: பிஸ்கட் டப்பா நிறையப் பயணங்கள், எப்படி ஒட்டுவது?

கேள்வி: என் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாஸ் இருந்ததால் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஏதாவது ஒரு திசையில் கிளம்பிவிடுவோம். ஆக்ரா, காசி, பூரி, டார்ஜிலிங், அமிர்தசரஸ் எல்லாம் அப்படிப் பார்த்ததுதான். பழைய போட்டோக்கள் ஒட்டும் ஆல்பத்தில் மஞ்சளடித்துப் போய்விட்டன. டிக்கெட், ரசீது, லாட்ஜ் கார்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. இதையெல்லாம் ஒட்டி, பக்கத்தில் எழுதி ஒரு ஸ்கிராப்புக் செய்ய ஆசை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மகளோ, "இப்போ யாரும்மா உட்கார்ந்து ஒட்டுறாங்க, ஃபோட்டோ புக் பிரின்ட் போட்டுடலாம்" என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் ஒரு அவசர விஷயம். டப்பாவில் இருப்பதில் எதையும் லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். வழவழப்பாக இருக்கும் பஸ் டிக்கெட், ஓட்டல் ரசீது போன்றவை பெரும்பாலும் சூடு பட்டால் கறுக்கும் தெர்மல் காகிதம். லேமினேஷன் மெஷினுக்குள் போனால் முழுக்கக் கறுப்பாகிவிடும். சும்மா வைத்திருந்தாலும் வெளிச்சத்திலும் பிளாஸ்டிக் கவரிலும் எழுத்து மங்கிக்கொண்டே போகும். இந்த வாரமே அவற்றை மட்டும் பிரித்தெடுத்து ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒட்ட வேண்டியது அந்த நகலைத்தான். அந்தக் காலத்து அட்டை டிக்கெட்டுக்கு இந்தக் கவலை இல்லை, அசலையே வைக்கலாம்.

அடுத்தது அந்த ஆல்பம். மஞ்சளாவதற்குக் காரணம் அட்டையில் தடவிய பசையும் மேலே இருக்கும் பிளாஸ்டிக் தாளும்தான். போட்டோவைப் பிய்த்து எடுக்காதீர்கள். பிளாஸ்டிக்கைத் திறந்து, ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே போனில் படமெடுங்கள். எது எதன் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு தகவல்தானே. அப்புறம் பல்லிடுக்கு சுத்தம் செய்யும் டென்டல் ஃப்ளாஸ் நூலைப் போட்டோவின் மூலையில் நுழைத்து, இரு கையாலும் மெல்ல அறுப்பதுபோல் இழுத்துக்கொண்டே வாருங்கள். பெரும்பாலானவை கழன்று வந்துவிடும். வர மறுப்பதை விட்டுவிடுங்கள், ஸ்கேன் செய்து புதுப் பிரதி போட்டுக்கொள்ளலாம். கத்தரிக்கோல் படுவது எப்போதும் பிரதியில்தான், அசலில் கூடாது.

சரி, இனி பக்கங்களுக்கு வருவோம். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: ஊர்களை ஒட்டாதீர்கள். தாஜ்மஹாலின் நல்ல படம் யார் வீட்டிலும் கிடைக்கும். உங்கள் வீட்டில் மட்டும் இருப்பது, அந்த வெள்ளைப் பளிங்கில் சுடச்சுடக் கால் வைத்து உங்கள் மகன் குதித்தது போன்ற ஒன்று. அதற்கு ஒரு பக்கம் கொடுங்கள். அமிர்தசரஸுக்குப் பொற்கோயிலின் முழுப் படம் வேண்டியதில்லை. அங்கே எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கரில் ரொட்டியைத் தட்டில் போடமாட்டார்கள், இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் அப்படி ஏந்திய படம் இருந்தால் அதைப் பெரிதாகப் போடுங்கள். இல்லையென்றால் அதை எழுதுங்கள். எழுதியதும் ஒரு படம்தான்.

அதிலும் நீங்கள் ரயில்வே குடும்பம். உங்களுக்கு ஊரைவிட வழிதான் பெரிய புதையல். சென்னையிலிருந்து வடக்கே போன பயணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிரான இரண்டு பக்கங்களின் குறுக்கே தண்டவாளம்போல் ஒரு கோடு. அதில் விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா, நாக்பூர், இடார்சி, போபால், ஜான்சி, குவாலியர், ஆக்ரா என்று புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே வரி: எங்கே விடிந்தது, நாக்பூரில் ஆரஞ்சு வாங்கியது யார், எந்த ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கியவர் வண்டி நகர்ந்த பிறகு ஓடிவந்து ஏறினார். பூரிக்குப் போன வழியென்றால் ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம் வந்திருக்கும். ஜன்னல் வழியே காசு எறிந்திருப்பீர்கள். அதற்குப் போட்டோ இருக்காது, பரவாயில்லை. ஒரு நீலப் பட்டையும், பாலத்தின் வளைவுகளும், ஒரு பழைய பத்துப் பைசா நாணயமும் போதும்.

தலைப்புக்குக் கடையில் விற்கும் ஸ்டிக்கர் எழுத்துகளை வாங்காதீர்கள். நம் ரயில் நிலையப் பெயர்ப்பலகையைவிட அழகான தலைப்பு கிடையாது. மஞ்சள் தாளை நீளவாக்கில் வெட்டி, கறுப்பில் ஊர்ப் பெயரை அந்த மாநில மொழியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஒடியா எழுத்தின் வட்டங்களையும் பஞ்சாபியின் குர்முகி எழுத்தின் மேல்கோட்டையும் பார்த்துப் பார்த்து வரையப் பேரப்பிள்ளைகளை உட்காரவையுங்கள். பலகையில் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று சின்னதாகப் போட்டிருப்பார்களே, அதையும் விடாதீர்கள். டார்ஜிலிங் பொம்மை ரயில் போகும் வழியில் இருக்கும் கூம் நிலையம் 7,407 அடி உயரத்தில் இருக்கிறது. இந்திய ரயில் நிலையங்களிலேயே அதுதான் உயரமானது. பூரியின் கடற்கரைப் பக்கத்தைப் புரட்டியதும் இந்த எண் வந்தால் பார்ப்பவருக்கே குளிரும்.

பக்கத்தை நிரப்ப வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். ஒரு பெரிய படம், இரண்டு சின்னப் படம், ஒரு டிக்கெட், கையெழுத்தில் ஐந்தாறு வரி. மீதி இடம் காலியாகவே இருக்கட்டும். படங்களை நேரே தாளில் ஒட்டாமல், பின்னால் கால் அங்குலம் வெளியே தெரியும்படி ஒரு நிறத்தாள் வையுங்கள், எடுப்பாக இருக்கும். அந்த நிறத்தைப் படத்திலிருந்தே எடுங்கள். ஜெய்சல்மேர் போயிருந்தால் அங்கே சுவரெல்லாம் மணல் மஞ்சள், அதற்குச் சிவப்புத் தாள் பொருந்தாது.

தாள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் செலவு செய்யுங்கள். சாதாரண சார்ட் பேப்பர் சில வருடங்களில் வெளுக்கும், நொறுங்கும். 'ஆசிட் ஃப்ரீ' (அமிலம் இல்லாதது) என்று போட்ட, 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத தாள் வாங்குங்கள். ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்தைச் சொல்லும் அளவு. செலோடேப் வேண்டவே வேண்டாம், மஞ்சளாகிக் கறை விடும். ஃபெவிக்காலின் ஈரத்தில் தாள் சுருங்கும். அசல் போட்டோக்களுக்கு முக்கோண மூலை ஒட்டிகள்தான் நல்லது, எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். போதி மர இலை, காய்ந்த பூ ஏதாவது வைத்திருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே வையுங்கள். துளி ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும்.

எழுதும் வேலையை நீங்கள் ஒருவரே செய்யாதீர்கள். வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, ஒரு டிக்கெட்டை மட்டும் கையில் கொடுங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்தது" என்று முடித்துவிடுவார். "இந்த வண்டி லேட்டா போச்சா?" என்று கேளுங்கள். ரயில்வேக்காரர் அதற்குப் பதில் சொல்லாமல் இருக்கமாட்டார். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள், திருத்தி அழகாக்க வேண்டாம். தண்ணீர் பட்டாலும் கரையாத பிக்மென்ட் மை பேனா நல்லது. போட்டோவின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும்.

முடித்த ஆல்பத்தைப் பரணில் ஏற்றாதீர்கள். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரணில் வெயில் காலத்துச் சூடு அப்படியே இறங்கும். பீரோவின் நடுத்தட்டு போதும், கூடவே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். ராமபாணப் பூச்சி பயம் இருந்தால், ஓலைச்சுவடிகளுக்கு நம்மவர்கள் வைத்ததுபோல் வசம்பைத் தூளாக்கித் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். தாளில் படாமல் இருக்கட்டும்.

மகள் சொல்வதைத் தள்ள வேண்டாம். முதல் ஆல்பம் உங்கள் கையால் ஆகட்டும். முடிந்ததும் பக்கங்களை 300 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்யும் வேலையை மகளிடம் கொடுங்கள். அதிலிருந்து ஃபோட்டோ புக் இரண்டு அச்சடித்தால் மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. அசல் உங்களிடமே இருக்கும். முதல் பக்கத்துக்குத் தாஜ்மஹாலை எடுக்காமல், டப்பாவில் கைக்கு அகப்படும் முதல் அட்டை டிக்கெட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.