பத்தரைக்கு பரோட்டா, பதினொண்ணுக்கு படுக்கை

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 48 வயசு, ஜவுளிக்கடையில சேல்ஸ்ல இருக்காரு. கடை மூடி வீட்டுக்கு வர பத்தரை ஆயிடும், வந்ததும் நாலு தோசை, இல்லன்னா வர்ற வழியில வாங்குன பரோட்டா சால்னா, கை கழுவுன ஈரம் காயுறதுக்குள்ள படுத்துடுவாரு. ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சு எரியுதுன்னு எந்திரிச்சு உட்கார்ந்துக்கிறாரு, புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வருதாம். ஐஸ் பால் குடுத்துப் பார்த்தேன், சீரகத் தண்ணி, புதினா ஜூஸ் எல்லாம் குடுத்துட்டேன். அவரா மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கி சாப்பிட்டப்புறம் போட்டுக்கிறாரு. வேற ஏதாவது வீட்டு வைத்தியம் இருக்கா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இருக்கும்மா, ஆனா அது அடுப்படியில இல்ல, கடிகாரத்துல இருக்கு. உணவுக்குழாய் இரைப்பைல சேர்ற இடத்துல ஒரு தசை வளையம் வால்வு மாதிரி மூடிக்கும், அது கொஞ்சம் தளர்வா இருக்கறவங்க வயிறு முட்ட சாப்பிட்டு உடனே படுத்தா ஆசிட் மேல ஏறத்தான் செய்யும், அதுலயும் பரோட்டா சால்னா எண்ணெய் வயித்த விட்டு சீக்கிரம் இறங்காது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல மூணு மணி நேரமாவது வேணும். அதனால காலையிலயே டிபன் பாக்ஸ்ல இட்லியோ சப்பாத்தியோ குடுத்து அனுப்புங்க, ஏழரைக்கு குடோன்ல நின்னுக்கிட்டாவது சாப்பிட்டுடட்டும். வீட்டுக்கு வந்து பசிச்சா ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். முதல் வாரம் மூஞ்சிய தூக்கி வச்சுக்குவாரு, பரவால்ல.

பால் குடிச்சா அந்த நேரத்துக்கு இதமா இருக்கும், அப்புறம் அதுவே ஆசிட்ட சுரக்க வைக்கும். புதினா செரிமானத்துக்கு நல்லதுன்னு நம்ம எல்லாரும் நம்புறோம், ஆனா அது அந்த வால்வ இன்னும் தளர்த்தி விடும், நிறுத்திடுங்க. சீரகத் தண்ணிய நான் குறை சொல்ல மாட்டேன், எங்க வீட்லயும் தினம் கொதிக்குது. பிபி இருந்தா மட்டும் பொங்குற பாக்கெட் பவுடர் பக்கம் போகாதீங்க, அதுல சோடியம் அதிகம். கடையில ஒரு நாளைக்கு எத்தனை டீன்னும் கேளுங்க, நிஜத்த சொல்ல மாட்டாரு, ரெண்டு கூட்டிக்கோங்க.

கட்டில்ல படுக்கிறவர்னா தலைமாட்டு கால் ரெண்டுக்கும் அடியில ரெண்டு ரெண்டு செங்கல், ஆடாம வைங்க, ஆறு இன்ச் உயரம் வந்துடும். தலகாணிய அடுக்குனா கழுத்துதான் வலிக்கும், வயிறு மடங்கி இன்னும் அழுத்தும். பாய்ல படுக்கிறவர்னா இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்கச் சொல்லுங்க. தொப்பை இருந்தா அத கொஞ்சம் குறைச்சாலே பாதி எரிச்சல் போகும்.

மாத்திரை பேர நீங்க எழுதல. பேன்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகைன்னா சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும், சாப்பிட்டப்புறம் போட்டா பாதி வீண். அதையும் மாசக்கணக்குல சொந்தமா போடக்கூடாது, ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க. முழுங்கும்போது அடைக்குது, காரணமில்லாம எடை குறையுது, மலம் தார் மாதிரி கருப்பா போகுதுன்னா உடனே போகணும், எண்டோஸ்கோபி தேவைப்படும்.

இன்னொண்ணு, படி ஏறும்போது நெஞ்சு அடைக்குது, வேர்த்துக் கொட்டுது, இடது கை இல்ல தாடை வலிக்குதுன்னா அத கேஸ்னு நினைச்சு சோடா வாங்க ஓடாதீங்க. நடுராத்திரியா இருந்தாலும் 108க்கு போன் போட்டு ஈசிஜி எடுக்கற ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.