கிண்டி கிடைக்குமா? பொறியியல் கலந்தாய்வு கேள்வி பதில்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து கேள்விகள் குவிகின்றன. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு) விருப்பப் பட்டியல் போட உதவிக்கொண்டிருக்கிறேன். பொறியியல் சேர்க்கையைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். மருத்துவமும் வெளிநாட்டுப் படிப்பும் வேண்டாம், அவை என் களம் அல்ல.

விருதுநகர் மாணவி: டீச்சர், கணிதம் 96, இயற்பியல் 91, வேதியியல் 88. எம்பிசி. சிஇஜி-யில் (கிண்டி பொறியியல் கல்லூரி) கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு?

முதலில் உன் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கு எடுக்கும் மார்க். கணிதம் முழுசாக 96, இயற்பியலில் பாதி 45.5, வேதியியலில் பாதி 44. மொத்தம் 200-க்கு 185.5. நல்ல மார்க்தான் பாப்பா. ஆனால் சிஇஜி கம்ப்யூட்டர் சயின்ஸ் இதில் வராது. அங்கே பொதுப் பிரிவு 199-க்கு மேலேயே முடிந்துவிடும், எம்பிசி-யும் 190-களின் பின்பகுதியில்தான் நிற்கும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் உனக்கு ஒரு லாபமும் இல்லை.

"எத்தனை சதவீதம் வாய்ப்பு" என்று யூடியூபில் சொல்கிறவர்களை நம்பாதே. ஒரு இடம் எந்தக் கட்-ஆஃபில் முடிகிறது என்பது வருஷத்துக்கு வருஷம் நகரும். இயற்பியல் தாள் எளிதாக வந்துவிட்டால் ஒரே மார்க்கில் நூற்றுக்கணக்கான பேர் வந்து நிற்பார்கள், போன வருஷம் 185-க்குக் கிடைத்த இடம் இந்த வருஷம் 188 கேட்கும். தரவரிசை அந்த அளவுக்கு ஆடாது. அதனால் மார்க்கை மார்க்கோடு ஒப்பிடாமல், உன் எம்பிசி தரவரிசை எண் வந்ததும், போன இரண்டு மூன்று வருஷங்களில் அதே கல்லூரி, அதே பாடப்பிரிவு எந்தத் தரவரிசையில் முடிந்தது என்று பார். 2021-ஐ மட்டும் விட்டுவிடு. அந்த வருஷம் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50, ப்ளஸ் ஒன்னுக்கு 20, ப்ளஸ் டூவுக்கு 30 சதவீதம் என்று கணக்குப் போட்டு மார்க் கொடுத்தார்கள், அதோடு எதையும் ஒப்பிட முடியாது.

சிஇஜி-யிலேயே பிரிண்டிங், ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் போன்ற பிரிவுகள், கோவை ஜிசிடி, சேலம், காரைக்குடி அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றையும் இந்த முறையில் பார். எட்டுகிற தூரத்தில் சில இருக்கும்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு அப்பா: விருப்பப் பட்டியலில் கட்டாயம் கிடைக்கிற காலேஜை மேலே போட்டால்தான் பாதுகாப்பு என்று பிரவுசிங் சென்டரில் சொல்கிறார்கள். உண்மையா டீச்சர்?

இல்லை, இல்லவே இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவே நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டர் தரவரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையாக எடுக்கும். உங்கள் பையனின் முறை வரும்போது அவன் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா? இல்லை. இரண்டாவது? இல்லை. மூன்றாவதில் இருக்கிறதா? அதைக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். முதல் இரண்டும் கிடைக்கவில்லை என்பதற்காக மூன்றாவதில் அவனை யாரும் பின்னால் தள்ள மாட்டார்கள். எட்டாத கல்லூரியை மேலே போடுவதால் ஒரு நஷ்டமும் கிடையாது. கிடைக்கிற கல்லூரியை மேலே போட்டால் அதற்குக் கீழே இருக்கிற எல்லாம் போச்சு.

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு இதுதான் நடந்தது. அவள் ஆசைப்பட்டது மதுரை தியாகராஜர் கல்லூரி எலக்ட்ரானிக்ஸ். அவளுடைய தரவரிசைக்கு அது தாராளமாக வந்திருக்கும். சென்டரில் யாரோ சொன்னதைக் கேட்டு, வீட்டுப் பக்கத்துக் கல்லூரியை முதலில் போட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் முதல் வரியைப் பார்த்தது, இடம் இருந்தது, கொடுத்துவிட்டது. "அப்வேர்ட் கொடுக்கலாமா டீச்சர்?" என்று பிரிண்ட் அவுட்டோடு ஓடி வந்தாள். அப்வேர்ட் என்றால் கிடைத்த இடத்துக்கு மேலே பட்டியலில் இருப்பவைதான். அவளுக்கு மேலே ஒன்றுமே இல்லை.

பட்டியலை ஆசைப்பட்ட வரிசையில் போடுங்கள். எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யப் பயன்படுத்துங்கள், வரிசைக்கு அல்ல. ஐஐடி, என்ஐடி-க்கான மத்தியக் கலந்தாய்வான ஜோசாவிலும் இதே முறைதான்.

தேனி மாணவன்: 7.5 சதவீத ஒதுக்கீடு அரசு உதவி பெறும் பள்ளிக்கும் உண்டா?

கிடையாது தம்பி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. உன் வீட்டில் இதுவரை யாரும் பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சலுகையைப் பார். அது கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை.

சென்னை அம்மா: பையன் சிபிஎஸ்இ. ஸ்டேட் போர்டு பிள்ளைகள் மார்க் அள்ளுகிறார்கள். எங்களுக்கு அநியாயம் இல்லையா?

நுழைவுத் தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறது அம்மா. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தின் உச்சம் 90 என்றால், அந்த 90-ஐ 100-க்குச் சமமாக வைப்பார்கள். அங்கே 60 எடுத்தவருக்கு 66.67 ஆகும். சிபிஎஸ்இ-யில் யாராவது நூற்றுக்கு நூறு எடுத்துவிட்டால் இதனால் பலன் இருக்காது, அது உண்மைதான். ஆனால் கிராமத்துப் பிள்ளை கோச்சிங் இல்லாமல் கிண்டிக்குள் நுழைய முடிகிறதே, அது இந்தச் சட்டத்தால்தான். அதை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

ஈரோடு மாணவி: 186, பிசி. சிஇஜி கிடைக்குமா?

விருதுநகர் மாணவிக்குச் சொன்னதைப் படிம்மா. பிசி தரவரிசை வந்ததும் அந்த எண்ணோடு வா.

நாமக்கல் அப்பா: அண்ணா யுனிவர்சிட்டியிலேயே சீட் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகத் துறைகளிலும் அரசுக் கல்லூரிகளிலும் நிர்வாக ஒதுக்கீடு என்ற ஒன்றே கிடையாது. யாரும் வாங்கித் தர முடியாது. தனியார் கல்லூரியில் நிர்வாக இடம் உண்டு, ஆனால் அதற்கும் நன்கொடை வாங்குவது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இன்னொன்றும் கவனியுங்கள். "அண்ணா யுனிவர்சிட்டி" என்று சொல்லி விற்பார்கள். கிண்டியில் சிஇஜி, ஏசி டெக், குரோம்பேட்டையில் எம்ஐடி, இவைதான் பொறியியலுக்கான பல்கலைக்கழகத் துறைகள். மாவட்டங்களில் இருக்கும் உறுப்புக் கல்லூரிகளும் மண்டல வளாகங்களும் அதே பெயரைத் தாங்கியவை, ஆனால் அவை வேறு. பெயரைப் பார்த்து டிக் செய்யாதீர்கள், கல்லூரி எண்ணைப் பாருங்கள். சிஇஜி 1, எம்ஐடி 4, பிஎஸ்ஜி டெக் 2006. பிஎஸ்ஜி பெயரிலேயே இன்னொரு பொறியியல் கல்லூரி வேறு எண்ணில் இருக்கிறது.

கரூர் மாணவன்: ரேண்டம் நம்பர் பெரிசாக வந்திருக்கிறது, நல்லதா?

கட்-ஆஃப், பாட மதிப்பெண்கள், பிறந்த தேதி எல்லாம் ஒன்றாக இருக்கிற இருவருக்கு நடுவில்தான் அதற்கு வேலை. மறந்துவிடு.

திருப்பூர் மாணவன்: சிஇஜி-யில் மைனிங் கிடைக்கும் போலிருக்கிறது. ஒரு தனியார் கல்லூரியில் சிஎஸ்இ-யும் (கம்ப்யூட்டர் சயின்ஸ்) கிடைக்கும். எது டீச்சர்?

மைனிங் என்றால் என்ன படிக்கப்போகிறாய் என்று உனக்குத் தெரியுமா? பாறை, வெடிவைப்பு, சுரங்கக் காற்றோட்டம். அதில் மனசு போனால் கண்ணை மூடிக்கொண்டு சிஇஜி. போகாவிட்டால் வேண்டாம். ஆனால் கேள்வி சிஇஜி-யில் எலக்ட்ரிகல், இண்டஸ்ட்ரியல் என்று இருந்தால், சுமாரான கல்லூரி சிஎஸ்இ-யை விட நான் சிஇஜி-யைத்தான் சொல்வேன்.

*(கோவை அப்பா, ஐடி துறை: மன்னிக்கணும் டீச்சர், இது பழைய காலத்து அறிவுரை. வேலைக்கு எடுக்கும்போது கோடிங் தெரியுமா என்றுதான் பார்க்கிறோம். நாலு வருஷம் வேறு எதையோ படித்துவிட்டு ராத்திரியில் கோடிங் கற்றுக்கொள்ளச் சொல்கிறீர்களா?)*

ஐயா, கோடிங் தெரிய வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சுமாரான கல்லூரியில் அதைச் சொல்லிக்கொடுப்பது யார் என்பதுதான் என் கேள்வி. 2024-25-லிருந்து நல்ல நிலையில் உள்ள கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற வரம்பை, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. கல்லூரிகள் சிஎஸ்இ இடங்களைக் கூட்டிக்கொண்டே போகின்றன. இடம் கூடிய வேகத்தில் ஆசிரியர் கூடினார்களா?

*(கோவை அப்பா: எல்லாக் கல்லூரியும் அப்படி இல்லை.)*

இல்லைதான். அதனால்தான் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். வேலை நாளில் போய், மூன்றாம் வருஷப் பிள்ளைகள் நாலு பேரைக் கேன்டீனில் பிடித்துக் கேளுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் யார் எடுத்தார்கள், நடுவில் எத்தனை பேர் மாறினார்கள், லேபில் ஒரு சிஸ்டத்துக்கு எத்தனை பேர். பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். வரவேற்பறையில் உட்கார்ந்து விளம்பரப் புத்தகத்தைப் புரட்டினால் தெரியாது.

*(ஏசி டெக் பழைய மாணவர்: நான் லெதர் டெக்னாலஜி. பக்கத்தில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில்தான் எங்களுக்கு வகுப்பு. ஆராய்ச்சியாளர்களே பாடம் எடுத்தார்கள். அந்த வசதி எந்தத் தனியார் சிஎஸ்இ-யிலும் கிடைக்காது. ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் விருப்பமில்லாமல் வந்து, நாலு வருஷமும் கஷ்டப்பட்டார்கள். அதையும் சொல்லியாக வேண்டும்.)*

*(கோவை அப்பா: அதைத்தானே நானும் சொல்கிறேன்!)*

இந்த இடத்தில் நாம் மூவரும் ஒன்றுதான் ஐயா. பிடிக்காத பிரிவைக் கல்லூரிப் பெயருக்காக எடுக்க வேண்டாம். நான் மறுப்பது இன்னொன்றை: சிஎஸ்இ என்ற மூன்றெழுத்து இருந்தால் எந்தக் கல்லூரியும் போதும் என்பதை. கூடப் படிக்கிற பிள்ளைகளிடமிருந்துதான் பாதிப் படிப்பு வருகிறது. சிஇஜி விடுதியில் இரவு பதினொரு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்து அறையில் கேட்க ஆள் இருக்கும். திருப்பூர்த் தம்பி, உனக்கு மைனிங் பிடிக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்.

*(திருப்பூர் மாணவன்: பிடிக்கவில்லை டீச்சர். அப்பாவுக்குத்தான் சிஇஜி ஆசை.)*

அப்படியென்றால் சிஎஸ்இ-யை மேலே போடு. அப்பாவை என்னிடம் பேசச் சொல்.

தஞ்சாவூர் அம்மா: பெண் இப்போதுதான் ப்ளஸ் ஒன். ஐஐடி கோச்சிங்குக்காக ஹைதராபாத்தில் சேர்க்கலாமா? திருச்சி என்ஐடி-யாவது கிடைக்குமே.

நல்லவேளை இப்போதே கேட்டீர்கள். என்ஐடி-யில் பாதி இடங்கள் சொந்த மாநிலப் பிள்ளைகளுக்கு. சொந்த மாநிலம் என்பது பிறந்த ஊரை வைத்து அல்ல, ப்ளஸ் டூ எந்த மாநிலத்தில் தேர்ச்சி பெற்றாள் என்பதை வைத்து. ஹைதராபாத்தில் ப்ளஸ் டூ முடித்தால் அவள் தெலங்கானா மாணவி. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருச்சியில் வெளிமாநிலப் பட்டியலில் போய் நிற்க வேண்டியிருக்கும். இது தெரியாமல் இடத்தை விட்ட குடும்பங்கள் நிறைய.

ஐஐடி-க்கு ஜேஇஇ மெயின் எழுதி முதல் இரண்டரை லட்சத்துக்குள் வந்தால்தான் அட்வான்ஸ்டு எழுதலாம். அட்வான்ஸ்டுக்கு அடுத்தடுத்த இரண்டு வருஷம்தான் வாய்ப்பு. ப்ளஸ் டூவில் 75 சதவீதமும் வேண்டும், அல்லது அவள் வாரியத்தில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். கோச்சிங்குக்காகப் பள்ளிப் பாடத்தை விட்டுவிட்டால் டிஎன்இஏ கட்-ஆஃபும் சேர்ந்து போய்விடும். இங்கேயே படிக்க வையுங்கள்.

கடலூர் மாணவன்: 184.25 எம்பிசி, சிஇஜி ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்)?

வராது தம்பி. தயவுசெய்து மேலே படியுங்கள் எல்லோரும். இதே கேள்வி இன்னும் இருபது வந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதப்போவதில்லை.

புதுக்கோட்டை மாணவி: பிசி பெண் நான். பொதுப் பிரிவு இடம் கிடைத்தால் என் சாதி ஒதுக்கீடு வீணாகுமா?

ஆகாது. பொதுப் பிரிவின் 31 சதவீதம் எல்லோருக்கும் பொது. உன் தரவரிசைக்கு அதில் இடம் இருந்தால் அதில் கொடுப்பார்கள், உன் பிரிவில் ஒரு இடம் இன்னொரு பிள்ளைக்கு மிஞ்சும். இல்லாவிட்டால் பிசி-யில் பார்ப்பார்கள். நீ தனியாக எதையும் தேர்வு செய்ய வேண்டாம்.

மதுரை மாணவன்: பி.ஆர்க்?

அது தனிச் சேர்க்கை, நாட்டா போன்ற கட்டடக்கலைத் தகுதித் தேர்வு எழுத வேண்டும்.

விழுப்புரம் அண்ணன்: தம்பிக்கு இரண்டாவது சுற்று. அக்செப்ட் அண்ட் அப்வேர்ட் கொடுத்தால் கையில் இருப்பது போய்விடுமா?

மேலே கிடைத்தால்தான் போகும். கிடைக்காவிட்டால் இதுவே உறுதி. டிக்ளைன் அண்ட் அப்வேர்ட் வேறு, அதில் கையில் இருப்பதை இப்போதே விட்டுவிடுகிறீர்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அவசரத்தில் மாற்றி அழுத்திவிடாதீர்கள். பட்டனைத் தம்பியே அழுத்தட்டும், சென்டர்க்காரர் வேண்டாம். ஓடிபி-யையும் பாஸ்வேர்டையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஒதுக்கீட்டு ஆணையில் பணம் கட்ட ஒரு கடைசித் தேதி இருக்கும், அதைத் தவறவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஆணை வந்த அன்றே அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள், பணம் புரட்ட நேரம் வேண்டுமே.