மணிக்கட்டு ஸ்கேனில் காரணம் தெரியுமா?

கேள்வி: வயது 46. தையல் வேலை செய்கிறேன். ஆறு மாதமாக வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போய்த் தூக்கம் கெடுகிறது. கையை உதறினால் சரியாகிறது. நரம்புப் பரிசோதனையில் ‘கார்ப்பல் டன்னல்’ என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு மணிக்கட்டு ஸ்கேன்? எம்.ஆர்.ஐ. எடுத்தால் காரணம் தெரியுமா?

பதில்: நரம்புப் பரிசோதனை, நரம்பில் மின்தூண்டல் எவ்வளவு தாமதமாகப் போகிறது என்பதைத்தான் சொல்லும். எது அழுத்துகிறது என்று சொல்லாது. அதைப் பார்க்கத்தான் அல்ட்ராசவுண்டு.

மணிக்கட்டு எலும்புகளுக்கும் மேலே உள்ள தடித்த தசைநாருக்கும் நடுவே ஒரு குறுகிய சுரங்கம். அதுதான் ‘கார்ப்பல் டன்னல்’. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், நீங்கள் சொன்ன மூன்று விரல்களுக்கும் உணர்வு தரும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. நெருக்கப்படும் நரம்பு, சுரங்க வாயிலில் வீங்கும். அதன் குறுக்குப் பரப்பு 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படுவோம். நீர்க்கட்டி, கொழுப்புக் கட்டி, தசைநாண் உறை வீக்கம், சிலருக்குப் பிறவியிலேயே நரம்போடு ஓடும் கூடுதல் ரத்தக்குழாய் இவையும் தெரியும். உங்களுக்கு ஒரு கையில் மட்டும் இருப்பதால் கட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

ஆனால் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் அகப்படாது. தசைநாண்களைச் சுற்றியுள்ள மெல்லிய இணைப்புத் திசு தடித்து இறுகுவதே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விரலை மடக்கி நீட்டச் சொல்லி, தசைநாணும் நரம்பும் எப்படி நகர்கின்றன என்று அல்ட்ராசவுண்டில் பார்த்தும் ஆராய்ந்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் இந்த அசைவைப் பார்ப்பது எளிதல்ல, செலவும் அதிகம். உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

இதற்குக் காரணமாகக்கூடிய தைராய்டு குறைவும் சர்க்கரையும் மணிக்கட்டு ஸ்கேன் எதிலும் தெரியாது. ரத்தப் பரிசோதனை இரண்டும் முடிந்துவிட்டதா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

ரிப்போர்ட்டுக்காகக் காத்திராமல் இன்றிரவே மணிக்கட்டு மடங்காதபடி ஸ்பிளின்ட் (மணிக்கட்டை நேராகத் தாங்கும் பட்டை) கட்டிக்கொண்டு படுங்கள். 1981இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தச் சுரங்கத்துக்குள் மெல்லிய குழாய் செருகி அழுத்தத்தை அளந்தார்கள். நோயாளிகளுக்குக் கை நேராக இருக்கும்போது சராசரி 32 மி.மீ. பாதரசம், மணிக்கட்டை மடக்கினால் 94. தூக்கத்தில் நாம் மடக்குவது நமக்கே தெரியாது.

கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ, ஊசியைப் பிடிக்க முடியாமல் நழுவினாலோ தள்ளிப்போடாமல் கை அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.